பிளேன், பிளைட், விமானம், வானூர்தி: எங்கே எதைச் சொல்வது?

கேட்டிருப்பது இது: முதல் தடவை விமானத்தில் போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதுகிறீர்கள். அம்பாசமுத்திரம், தென்காசி, திசையன்விளைப் பக்கத்து ஆட்கள் வாகைகுளத்திலோ (தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் ஊர்) திருவனந்தபுரத்திலோ போய் ஏறுவதற்கு உதவியாக. விமானம், ஆகாய விமானம், வானூர்தி, ஏரோப்ளேன், பிளேன், பிளைட், ஜெட் எல்லாம் ஒரே பொருள்தானா, கையேட்டில் எதைப் போடுவது, ‘பிளைட்’ என்று எழுதினால் தப்பா?

தப்பு இல்லை. ஆனால் எல்லாம் ஒரே பொருளும் இல்லை. பத்திரிகையில் செய்தி திருத்தும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பேச்சு எழுத்துத் தமிழைவிடத் தெளிவாக இருக்கிறது. கண்ணால் பார்க்கிற பொருள் பிளேன். டிக்கெட் போட்டு, நேரம் பார்த்து, போய் ஏறுகிற பயணம் பிளைட். எழுத்தில் இரண்டையும் ‘விமானம்’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். படிக்கிறவர் குழம்புவது அங்கேதான்.

வாகைகுளம் வாசலில் காதில் விழுந்த பேச்சு ஒன்று. பேரனை வழியனுப்ப வந்த ஆச்சிக்கு உள்ளேயிருந்து இரைச்சல் கேட்டுவிட்டது.

“ஏல, பிளேன் எறங்கிட்டுல்லா, உள்ள போ.”

“அது பெங்களூரு பிளைட்டு ஆச்சி. நம்ம பிளைட்டு இன்னும் வரல.”

“எல்லாம் ஒரே மாதிரிதான கெடக்கு.”

ஆச்சி சொன்னது பொருளை. பேரன் சொன்னது பயணத்தை. இருவருமே சரியாகத்தான் பேசினார்கள். பேரன் ‘அது என் பிளேன் இல்லை’ என்று சொல்லவில்லை பாருங்கள். ‘என் பிளேன்’ என்றால் அதைச் சொந்தமாக வாங்கி நிறுத்தியிருக்க வேண்டும். ‘என் பிளைட்டு’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

விமானத் தொழிலிலும் இந்தப் பிரிவு உண்டு. பொருளுக்கு ஒரு அடையாளம், பயணத்துக்கு வேறு அடையாளம். இந்தியாவில் பதிவு செய்த விமானம் ஒவ்வொன்றின் உடம்பிலும் ‘விடி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். காருக்கு நம்பர் பிளேட் எப்படியோ அப்படி. அதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. போர்டிங் பாஸில் அச்சடித்திருப்பது பயணத்தின் எண். காலையில் சென்னையிலிருந்து வந்து தூத்துக்குடியில் ஆட்களை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறதே, அதில் பிளேன் ஒன்று, பிளைட் இரண்டு. வந்த பிளைட்டுக்கு ஒரு எண், திரும்பிய பிளைட்டுக்கு வேறு எண்.

இப்போது செய்தித்தாள் வாக்கியம் ஒன்றைப் பாருங்கள். “விமானத்தில் கோளாறு ஏற்பட்டதால் விமானம் ரத்து செய்யப்பட்டு, பயணிகள் மாற்று விமானத்தில் அனுப்பி வைக்கப்பட்டனர்.” இந்த மாதிரி வாக்கியம் என் மேசைக்கு வராத மழைக்காலம் இல்லை. முதல் விமானம் இயந்திரம். இரண்டாவது, அன்றைக்கு அந்த நேரத்துச் சேவை. இயந்திரத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. மூன்றாவது இரண்டில் எது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. வேறு பிளேன் வந்து அதே பிளைட் போனதா, அல்லது பயணிகளைச் சாயங்கால பிளைட்டுக்கு மாற்றினார்களா? டிக்கெட் பணம் திரும்பக் கேட்க நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் திருத்தும்போது இரண்டாவதை ‘விமானப் பயணம்’ என்றோ ‘விமானச் சேவை’ என்றோ மாற்றிவிடுவேன். மூன்றாவதற்கு நிருபரிடம் போன் போட்டுக் கேட்டாக வேண்டும்.

அடுத்து வினைச்சொல். எந்தப் பெயர்ச்சொல்லைப் போடுவது என்று திகைத்தால், கூட வரும் வினையைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். “தூத்துக்குடிக்கு இன்னொரு பிளைட்டு விட்டிருக்கான்” என்றால் புதிதாக ஒரு சேவை தொடங்கியிருக்கிறது என்று பொருள், பஸ் விடுவது மாதிரி. “பிளைட்ட விட்டுட்டான்” என்றால் நேரத்துக்குப் போகாமல் கோட்டை விட்டுவிட்டான். அதே ‘விடு’தான். “பிளேன் விடுதான்” என்றால் வீட்டில் பையன் காகிதம் மடித்து எறிந்துகொண்டிருக்கிறான். இந்த மூன்றையும் நம் ஊரில் யாரும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை. எழுத்தில் மூன்றுக்கும் விமானம் என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பாக இருக்கும்.

‘விமானத்தில் ஏறினார்’, ‘விமானம் ஏறினார்’ இரண்டும்கூட ஒன்றல்ல. முன்னது படியில் கால் வைத்து உள்ளே போன செயல். பின்னது ஊரைவிட்டுப் போனார், பெரும்பாலும் வெளிநாடு போனார் என்பது. கப்பல் ஏறினார் என்று முந்தைய தலைமுறை சொன்னதன் தொடர்ச்சி. ஆனால் ஒன்று, மானம் இன்னமும் கப்பல்தான் ஏறுகிறது. விமானத்துக்கு மாறவில்லை.

வெளிநாட்டுப் பயணம் பழகிப்போன மேலப்பாளையம், கடையநல்லூர் வீடுகளில் கவனித்தால் வண்டியின் பெயரே பேச்சில் வராது. “டிக்கெட் போட்டாச்சா?” “ஏறியாச்சா?” “எறங்கியாச்சு, வெளிய வந்துட்டேன்.” எதில் ஏறினான் என்று சொல்லத் தேவையில்லை. துபாய்க்கு வேறு எதில் போவது? காயல்பட்டினத்தில் வெளியூர், வெளிநாட்டுப் போக்குவரத்தைச் ‘சபர்’ என்பார்கள், அரபியில் பயணம் என்று பொருள். கப்பல் காலத்திலிருந்தே இருக்கும் சொல் என்பதால் அது வாகனத்தைப் பொருட்படுத்துவதே இல்லை.

சரி, விமானம் என்ற சொல்லுக்கு வருவோம். நம் பக்கத்தில் இந்தச் சொல் முதலில் கோயிலைச் சேர்ந்தது. கருவறைக்கு மேலே எழும் கட்டடம்தான் விமானம். வாசலில் உயரமாக நிற்பது கோபுரம். பலர் இரண்டையும் கோபுரம் என்றே சொல்லிவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் நவதிருப்பதி போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பெருமாள் கோயில் விமானம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் சந்திர விமானம், ஆழ்வார்திருநகரியில் கோவிந்த விமானம். (1986இல் மாவட்டம் பிரிந்து இந்த ஊர்கள் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டன. பேச்சும் பழக்கமும் பிரியவில்லை, அதனால் எனக்கு இவையும் திருநெல்வேலிச் சீமைதான்.) கும்பாபிஷேக மாதங்களில் ‘விமானத்துக்குப் புனித நீர் ஊற்றினர்’ என்று ஒரு செய்தியும், ‘விமானம் தாமதம், பயணிகள் வாக்குவாதம்’ என்று ஒரு செய்தியும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து யாரும் குழம்பியதில்லை. ஆனாலும் பக்கம் வடிவமைக்கும் பையன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நான் ஒன்றைக் கீழே தள்ளச் சொல்வேன்.

புராணத்திலும் விமானம் உண்டு. குபேரனிடமிருந்து இராவணன் பறித்த புஷ்பக விமானம் எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணால் பார்க்கிற விமானம் கோயிலில் கல்லாக நிற்க, கதையில் கேட்கிற விமானம் பறந்துகொண்டிருந்தது. பிறகு நிஜமாகவே பறக்கிற இயந்திரம் வந்தபோது, எது என்று தெரிவதற்கு ‘ஆகாய’ என்பதை முன்னே ஒட்டி ஆகாய விமானம் ஆக்கிக்கொண்டோம். இன்றைக்கு அந்த ஒட்டு தேவையில்லை. ‘ஆகாய விமானம்’ என்று எழுதினால் பழைய பாடப்புத்தக வாசம் அடிக்கும். சிறுவர் கதையில் போடலாம், கையேட்டில் வேண்டாம். ‘ஆகாயக் கப்பல்’ வேறு. வாயு நிரப்பிய பெரிய கூடு மிதந்து போகிற வகைக்கு அது பொருந்தும். பயணிகளை ஏற்றிய அந்த வகை 1937இல் ஹிண்டன்பர்க் தீப்பிடித்து எரிந்ததோடு ஏறக்குறைய முடிந்தது. நீங்கள் ஏறப்போவது அது அல்ல.

வானூர்தி. இதைச் சிலர் புதிதாகச் செய்த சொல் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. புறநானூற்று 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனோடு ஏறுவதும் ‘வான ஊர்தி’தான். வலவன் என்றால் தேரோட்டுகிறவன். ஓட்டுகிறவன் இல்லாமலே போகிற வான ஊர்தி என்ற அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் டிரோன் இருந்தது என்று வாட்ஸப்பில் சுற்றிவருகிறது. பாட்டு சொல்வது அதுவல்ல. புலவர் பாடும் புகழ் உடையவர்கள் தம் வினை முடித்தபின் அந்த ஊர்தியில் விண்ணுலகம் போவார்கள் என்கிறது. அது சாவுக்குப் பிறகான பயணம். அதைப் போக்குவரத்துச் சான்றாகக் காட்டினால் சாத்தனாருக்கும் பெருமை இல்லை, நமக்கும் இல்லை. சொல் பழையது என்பதற்குச் சான்று, அவ்வளவே. அதுவே போதுமான பெருமை.

‘விமானம் என்ன எறும்பா, ஊர்வதற்கு?’ என்று ஒருவர் என்னிடம் மடக்கியதுண்டு. ஊர்தல் என்பதற்கு ஏறிச் செல்லுதல் என்ற பொருள் உண்டு. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்ற குறளைப் படித்தவர்களுக்கு விளங்கும். பல்லக்கைச் சுமந்தவன் பொறுத்தான், மேலே உட்கார்ந்து போனவன் ஊர்ந்தான். அப்படி ஏறிப் போவது எதுவோ அது ஊர்தி.

ஆனால் வானூர்தியும் விமானமும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடத் தோதானவையா? என் கணக்கில் இல்லை. வானூர்தி என்பதை நான் பொதுப்பெயராக வைத்துக்கொள்வேன்: விமானம், ஹெலிகாப்டர், கிளைடர், டிரோன் எல்லாம் அதில் அடங்கும். இறக்கை விரித்து ஓடுபாதையில் ஓடி மேலே எழும்புவது மட்டும் விமானம். இலங்கைத் தமிழர்கள் வானூர்தியை நம்மைவிடச் சகஜமாகப் புழங்குகிறார்கள். ஹெலிகாப்டருக்கு அவர்களிடம் உலங்கு வானூர்தி என்ற சொல்லும் உண்டு. அங்கே அது இயல்பு. நம் பக்கம் மேடையிலும் பாடநூலிலும் வரும், வாகைகுளம் வாசலில் வராது. முதல் தடவை போகிற ஒருவர் பதற்றத்தில் இருக்கும்போது ‘வானூர்தியின் புறப்பாட்டு வாயில்’ என்று எழுதி அவரை மேலும் பதறவைக்க வேண்டாம்.

ஜெட், ராக்கெட் கதை வேறு மாதிரி. ரொம்ப உயரத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஒன்று போனால் பிள்ளைகள் “ராக்கெட் போவுது” என்று கத்தும். அது ராக்கெட் இல்லை. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகிற பயணிகள் விமானம்தான். இயந்திரத்திலிருந்து வரும் நீராவி அந்தக் குளிரில் உறைந்து பனித்துகளாகிக் கோடாகத் தெரிகிறது. மற்ற ஊரில் இதைச் சொன்னால் விஷயம் முடிந்தது. நம் ஊரில் முடியாது, ஏனென்றால் பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கிறது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்பது உறுமுகிற ஆனால் மேலே போகாத பொருள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது வேலைக்கு வந்துவிட்டால், பிள்ளைகள் ராக்கெட் போகுது என்று கத்தும்போது பெரியவர்கள் திருத்துவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஜெட் என்ற சொல்லைப் பயணிகள் விமானத்துக்குப் பொதுவாகப் போடாதீர்கள். நம் ஊருக்கு அது நீண்ட காலம் பொருந்தாமலே இருந்தது. வாகைகுளத்தில் முன்பு ஓடுபாதை 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அது காணாது. வந்துபோனவை ஏடிஆர் 72 மாதிரியான, வெளியே விசிறி சுற்றுகிற விமானங்கள். ஏடிஆரில் ஏறியவர்களுக்குத் தெரியும்: இறக்கை தலைக்கு மேலே இருக்கும், அதனால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவில், அந்தக் கதவே மடிந்து இறங்கிப் படியாகிவிடும். பெட்டிகள் முன்பக்கம் போகும். பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. “விசிறி வச்ச பிளேனா, பெரிய பிளேனா?” என்று கேட்டு டிக்கெட் போட்டவர்கள் உண்டு. ஆட்கள் வைத்த பிரிவு அது, நல்ல பிரிவும்கூட. வெளியே தெரியாவிட்டாலும் பெரிய ஜெட்டின் இயந்திரத்துக்குள்ளும் முன்னால் ஒரு பெரிய விசிறிதான் சுற்றுகிறது, ஏடிஆரின் விசிறியைச் சுழற்றுவதும் ஒருவகை டர்பைன் இயந்திரம்தான் என்பது தனிக்கதை. இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்துவிட்டார்கள். இனி அந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே இருக்கும். கையேட்டில் ஏடிஆர் படத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பழைய ஆட்கள் வாயில் ‘ஏர்பஸ்’ என்று வரும். 1976இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் கம்பெனியின் ஏ300 விமானங்களை வாங்கியபோது பரவிய சொல் அது. பஸ் என்று முடிவதால் நிறைய ஆள் பிடிக்கிற பெரிய விமானம் என்றே பொருள் கொண்டார்கள். கம்பெனிப் பெயர் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஜம்போ ஜெட்’ போயிங் 747க்கு மட்டும் உரிய செல்லப்பெயர், அதையும் எல்லாவற்றுக்கும் ஒட்டக் கூடாது. ‘ஏரப்பிளேன்’ எங்கள் தாத்தா பாட்டியோடு பெரும்பாலும் போய்விட்டது, அப்புறம் செல்போன் ‘ஏரோப்ளேன் மோடு’ என்று அதைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தது. தமிழில் வைத்த போனில் ‘விமானப் பயன்முறை’ என்று வருகிறது, சொல்வது என்னவோ எல்லோரும் ‘பிளைட் மோடு’தான். கையேட்டில் இரண்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் போனில் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

முன்னொட்டுகளில் சிக்கல் அதிகமில்லை. பயணிகள் விமானம், சரக்கு விமானம், போர் விமானம், பயிற்சி விமானம் எல்லாம் நிலைத்துவிட்டன. ‘பயணிகள் விமானம்’ என்பதைச் சரக்கு விமானத்திலிருந்தோ போர் விமானத்திலிருந்தோ பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் போட்டால் போதும். உங்கள் கையேடு முழுக்கப் பயணிகளுக்குத்தான், வெறும் விமானம் போதும். ஒரு முன்னொட்டு மட்டும் ஆளைக் கவிழ்க்கும்: ‘நேரடி விமானம்’. விமான நிறுவனங்கள் நேரடி என்று சொல்வது நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறுவதாகவும் இருக்கலாம், ஒரே எண்ணில் போனால் அது அவர்களுக்கு நேரடிதான். எங்கும் இறங்காமல் போவதை ‘இடைநில்லா விமானம்’ என்று எழுதுங்கள், பக்கத்திலேயே ‘நடுவில் எங்கும் இறங்காது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘இணைப்பு விமானம்’ என்பதைவிட ‘கனெக்‌ஷன் பிளைட்’ என்றால்தான் வளைகுடா போகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கூடவே, பெட்டி கடைசி ஊருக்கே போய்விடுமா, நடுவில் எடுத்துத் திரும்பப் போட வேண்டுமா என்பதையும் கவுன்டரில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆக, கையேட்டில் நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். இயந்திரத்தைச் சொல்லும்போது விமானம்: ‘விமானத்துக்குள் ஏறியதும் உங்கள் இருக்கை எண்ணைப் பாருங்கள்.’ பயணத்தைச் சொல்லும்போது தயங்காமல் பிளைட்: ‘உங்கள் பிளைட் எண்ணும் நேரமும் போர்டிங் பாஸில் இருக்கும். வெளியே எந்த விமானம் நின்றாலும் அதைப் பார்க்க வேண்டாம், திரையில் உங்கள் பிளைட் எண் வருகிறதா என்று பாருங்கள்.’ இந்த இரண்டு வாக்கியத்தில் சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள், இரண்டாவது உடனே கெட்டுவிடும். ‘பிளைட்’ என்று எழுதப் பிடிக்காதவர்கள் ‘விமானப் பயண எண்’ என்று போடலாம், பொருள் கெடாது. ஆனால் வாசலில் நிற்கும் காவலர் கேட்பது “எந்த பிளைட்?” என்றுதான். கையேட்டில் இருக்கும் சொல்லும் காவலர் வாயில் வரும் சொல்லும் ஒன்றாக இருந்தால் முதல் தடவை போகிறவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

விமான நிலையம் என்பதற்கு ஏர்போர்ட் என்று போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாலையோரப் பலகையில் இருப்பது விமான நிலையம், ஆட்டோக்காரரிடம் சொல்வது ஏர்போர்ட், பாளையங்கோட்டையில் பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் கேட்க வேண்டியது வாகைகுளம் ஸ்டாப். மூன்றையும் எழுதிவிடுங்கள்.